சரி, இரண்டாவது பெண் யார்?

பாறசாலை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ரயில்வே ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும். நாகர்கோவிலிலிருந்து வருகிற வண்டி குழித்துறையைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்ததும் நிற்கிற ஊர். பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் களியக்காவிளை, இஞ்சிவிளை, அப்புறம் நாங்கள். பாட்டுக் கேட்கிறவர்களுக்கு மட்டும் இந்த ஊர் ஒரு ஆளுடைய பெயரின் முதல் பாதி: பாறசாலை பி. பொன்னம்மாள்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. இப்போது உட்கார வைத்தது எங்கள் மேல்வீட்டில் நடக்கிற பஞ்சாயத்து. அந்த வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள். திருவனந்தபுரம் ஸ்வாதித் திருநாள் இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு படிக்க வேண்டும் என்கிறாள். அப்பா பி.காம். என்கிறார். அவளுடைய சித்தப்பா மகன் தனுவச்சபுரம் பக்கம் இருக்கிறான். அவனுக்கு ஃபைன் ஆர்ட்ஸ் காலேஜில் பெயின்டிங் சேர வேண்டும். ஆக அண்ணன் தம்பி இரண்டு பேர் வீட்டிலும் ஒரே சமயத்தில் ஒரே சண்டை. இரண்டு தரப்பும் வந்து மூச்சுவிடுகிற இடம் எங்கள் வீட்டுத் திண்ணை.

"எக்கா, பாட்டு படிச்சுப் பிழைச்ச பொம்பளைய ஒண்ணு காட்டுங்க பாப்போம்" என்றாள் பெண்ணின் அம்மா. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. டிவியில் பாடுகிற பெண்களைத் தெரியும். அவர்களெல்லாம் வேறு ஏதோ உலகத்தில் பிறந்தவர்கள் என்று அவள் கணக்கு. "நம்ம ஊர்லயே ஒருத்தர் இருந்தார்ல" என்றேன். பெயரைச் சொன்னதும், "ஆமா, பத்திரிகையில போட்டிருந்தாங்க, பத்மஸ்ரீ" என்றாள். அவ்வளவுதான். பத்மஸ்ரீ வாங்கியவர் வழிகாட்டியாக இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. படமாக மாட்டி வைக்கிற ஆள் என்றுதான் தோன்றியது.

எனக்கு இதில்தான் மாறுபாடு. கலை படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு பெண் முன்னோடி எதற்கு என்று கேட்டால் "ஊக்கம் கிடைக்கும்" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். ஊக்கம் ரீல்ஸில்கூடக் கிடைக்கிறது. முன்னோடி வேண்டியது அதற்கில்லை. சில்லறைச் சில்லறையாக நூறு கேள்வி வரும், அதற்கெல்லாம் விடை தெரிந்த ஆள் வேண்டும்.

முதலில் அவர் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1924-இல் பாறசாலையில், தமிழ் பேசுகிற குடும்பத்தில் பிறந்தவர். அப்போது இந்த மண் கேரளமும் இல்லை, தமிழ்நாடும் இல்லை, திருவிதாங்கூர். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்று தெற்கே நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு போயின. பாறசாலை இருக்கிற நெய்யாற்றின்கரைத் தாலுகா இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதனால் இந்தப் பக்கத் தமிழர் யாராவது பெயரெடுத்தால் ஒரு சங்கடம் உண்டு. அந்தப் பக்கம் போனால் மலையாளத்தார், இந்தப் பக்கம் வந்தால் தமிழர். யாருமே முழுசாக உரிமை கொண்டாட மாட்டார்கள். பொன்னம்மாள் விஷயத்திலும் அது கொஞ்சம் நடந்தது என்பது என் எண்ணம்.

1939-இல் திருவனந்தபுரத்தில் ஸ்வாதித் திருநாள் பெயரில் சங்கீத அகாடமி தொடங்கினார்கள். முதல் தலைவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பிறகு செம்மங்குடி சீனிவாச ஐயர். இப்போது தைக்காட்டில் இருக்கிற இசைக் கல்லூரி அதன் தொடர்ச்சிதான். அங்கே சேர்ந்த முதல் பெண் மாணவி பொன்னம்மாள். கானபூஷணம், கானப்பிரவீணா என்று இரண்டு படிப்பையும் முடித்தார். காட்டன்ஹில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக வேலைக்குப் போனார். பிறகு, தான் படித்த அதே இடத்தில் ஆசிரியர். அங்கே பாடம் நடத்திய முதல் பெண். அதற்குப் பிறகு திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியில் பிரின்சிபால். இசை மட்டுமில்லை, ஓவியமும் சொல்லித்தருகிற கல்லூரி அது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்ணும் அவர்தான்.

இப்படி முதல், முதல் என்று அடுக்கிக்கொண்டே போனால் பள்ளிக்கூட ஆண்டு விழாப் பேச்சாகிவிடும். முதல் என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வகுப்பில் உனக்கு முன்னால் படித்த அக்கா ஒருத்தியும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கமும் பெண் இல்லை. எல்லாவற்றையும் நீயே கண்டுபிடிக்க வேண்டும், அல்லது ஆண்களிடம் கேட்க வேண்டும், அல்லது வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

உதாரணத்துக்கு ஸ்ருதி. பாட்டுப் பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் பாடுவார்கள். பெண்களுக்கு நாலரை, ஐந்து, ஐந்தரை கட்டை என்று போகும். ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் இடைவெளி பெரியது. ஆண் வாத்தியார் தன் ஸ்ருதியில் பாடிக்காட்டினால் பெண் பிள்ளை அப்படியே திருப்பிப் பாட முடியாது. அவர் அவளுடைய ஸ்ருதிக்கு வந்தால், கீழே பாடும்போது அவர் குரல் முனகும், மேலே போனால் பிளிறும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சமரசக் கட்டையில் பாடம் நடக்கும். பெரும்பாலும் அந்தச் சமரசம் பிள்ளையின் தொண்டைக்கு ஆகாது.

மேல்வீட்டுப் பெண்ணுக்கு இதுதான் நடந்தது. நல்ல வாத்தியார், நல்ல பாடாந்தரம், குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று கட்டையில் பாடவைத்தார். அவளும் ஐந்து வருஷம் பாடினாள். மேல் ஷட்ஜம் கணீரென்று நிற்கும், மந்திரத்தில் பஞ்சமத்துக்கு இறங்கினால் காற்றுதான் வரும். தனக்குக் குரல் இல்லை என்றே முடிவு செய்துவிட்டாள். போன வருஷம் நெய்யாற்றின்கரையில் ஒரு டீச்சரிடம் மாற்றினார்கள். அந்த டீச்சர் முதல் நாள் பாட்டே பாட விடவில்லை. போனில் ஸ்ருதிப்பெட்டி ஆப்பைத் திறந்து, மூன்றிலிருந்து படிப்படியாக ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு கட்டையிலும் "ச-ப-ச" மட்டும் பாடச் சொன்னார். கீழே எங்கே குரல் தரையைத் தொடுகிறது என்று பார்த்து ஐந்தில் நிறுத்தினார். அரை மணி நேர வேலை. "இது உன் வீடு, இனிமே வாடகை வீட்டுக்குப் போகாதே" என்றாராம்.

அதற்கு மேலும் சில விஷயம் அவர் சொல்லிக்கொடுத்தார். மாதவிலக்கு நாட்களில் குரல் கனத்தால் பயப்பட வேண்டாம், அன்றைக்குத் தார ஸ்தாயி சாதகத்தைக் குறைத்துக்கொள். கச்சேரிக்குப் புடவை கட்டும்போது வயிற்றை இறுக்காதே, மூச்சு மேலேயே நின்றுவிடும். பிள்ளை பெற்ற பிறகு சில மாசம் மூச்சு நிற்காது, அது திரும்பி வரும். கடைசியில் சொன்னதைக் கேட்டுப் பெண்ணின் அம்மாவுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை பெண்கள் அந்தச் சில மாசத்தில், "நம்ம பாட்டு போச்சு" என்று தம்புராவைத் துணி போட்டு மூடியிருப்பார்கள்! திரும்பி வரும் என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இது இல்லை. பெரிய வித்துவானுக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அப்பா கட்சிக்கு வருகிறேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. காய்கறிச் சந்தையில் கடை வைத்திருக்கிறார், கணக்கு முக்கியம். ஒரு நாள் சாயங்காலம் பொன்னம்மாளின் பிற்காலக் கச்சேரி ஒன்றை யூடியூபில் போட்டுக் கையில் கொடுத்தேன். ஆலாபனை முடிகிற வரை பேசாமல் கேட்டார். "இந்த வயசுலயா?" என்றார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் விசேஷம்.

"அவங்க வேலை பாத்தது சர்க்கார் காலேஜா?"

"சர்க்கார் காலேஜ்தான்."

"அப்ப பென்ஷன் உண்டு."

என் வீட்டுக்காரர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். ஆனால் எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. மகளைப் பற்றிய அவருடைய பயத்துக்கு அது சரியான விடை. மேடையில் கைதட்டு வாங்கிய பெண்ணை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். மாசாமாசம் சம்பளம் வாங்கி, பிள்ளைகளை வளர்த்து, பதவி உயர்வு பெற்று, ஓய்வும் பெற்ற பாட்டுக்காரப் பெண் ஒருத்தர் இதே ஊரில் பிறந்தார் என்பது அவருக்குப் புதுச் செய்தி. கலைஞர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தச் சம்பள விஷயத்தை ஏனோ எழுதுவதே இல்லை. கலைவாணி அருள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. பெண் முன்னோடி பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைப்பதும் தப்பு. பொன்னம்மாளிடம் படித்தவர்களில் நெய்யாற்றின்கரை வாசுதேவன் ஒருவர். இந்த மண்ணின் எளிய குடும்பத்துப் பிள்ளை. பெரிய வித்துவானாகி, 2008-இல் காலமாகும்வரை ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்தவர். ஒரு பையன் தரையில் உட்கார்ந்து, எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் குருவாகப் பார்த்துப் பாடம் கேட்கிறான். அவர் தப்பு என்றால் தப்பு, சரி என்றால் சரி. அப்படி வளர்ந்தவன் நாளைக்குத் தன்னோடு மேடையேறும் பெண்ணை என்ன கண்ணால் பார்ப்பான் என்று யோசித்துப் பாருங்கள். பெண் பாட்டுக்கு வாசிக்க மாட்டேன் என்று சொன்ன பக்கவாத்தியக்காரர்கள் நம் சங்கீதத்தில் உண்டு. அவர்களுக்கெல்லாம் சின்ன வயதில் ஒரு பெண் வாத்தியார் இருந்திருந்தால் என்று எனக்கு ஒரு ஆசை.

இனி நவராத்திரி. எங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது.

ஒவ்வொரு வருஷமும் நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி புறப்படுவாள். சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசாமியும் கூட வருவார்கள். குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று எங்கள் ரோடு வழியாகவே திருவனந்தபுரம் போய்ச் சேரும் ஊர்வலம். எல்லையில் இரண்டு மாநிலப் போலீசும் நின்று மரியாதை செய்வார்கள். வாசல்தோறும் குத்துவிளக்கு, தட்டில் பழம், பூ. அந்தச் சரஸ்வதி கம்பர் வைத்துப் பூஜித்தவள் என்று சொல்வார்கள். அரண்மனை இருக்கிற இடம் தமிழ்நாட்டில், அதைப் பராமரிப்பது கேரள அரசு, சாமி இரண்டுக்கும் பொது. 1956-இல் கோடு போட்டவர்களால் அவளை மட்டும் பிரிக்க முடியவில்லை.

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் அவளை எழுந்தருளச் செய்வார்கள். ஒன்பது நாள் மாலையும் அவள் முன்னால் கச்சேரி. ஸ்வாதித் திருநாள் அதற்கென்றே ஒன்பது கீர்த்தனை செய்து வைத்திருக்கிறார். முதல் நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, கடைசி நாள் ஆரபி. கைதட்டக் கூடாது, பேசக் கூடாது. கச்சேரிக்காரர்களுக்கே அந்த மண்டபத்தில் உட்கார ஒரு பயம் உண்டு என்பார்கள்.

அங்கே பெண்கள் பாடுவதில்லை என்பதுதான் வழக்கமாக இருந்தது. கேட்கிறவள் பெண். வீணை வைத்திருக்கிறவள் பெண். அவள் எங்கள் வீட்டு வாசல் வழியாகப் போகும்போது விளக்கேற்றி வணங்குகிறவர்கள் பெண்கள். பாடினவர்கள் மட்டும் ஆண்கள். பாறசாலைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அவளுக்கு வழியனுப்பிவிட்டு வீட்டுக்குள் போனார்கள்.

2006-இல் அது மாறியது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த பாடகர் ராமவர்மா முன்னின்று அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தார். மண்டபத்தில் உட்கார்ந்து பாடிய முதல் பெண் பாறசாலை பொன்னம்மாள். அப்போது அவருக்கு வயது 81.

இந்த 81 என்கிற எண்ணை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்குப் பெருமை பாதி, எரிச்சல் பாதி. அவர் படித்து முடித்தது இருபது வயதை ஒட்டி. அந்த மண்டபத்துக்கும் அவர் பாடம் நடத்திய கல்லூரிக்கும் ஆட்டோவில் போனால் பத்து நிமிஷம். நாற்பது வயதில், குரல் முழுசாக விளைந்திருந்த காலத்தில், அங்கே அவர் தோடி பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அது நமக்குக் கிடைக்கவே கிடைக்காது. அவருடைய பிற்காலக் கச்சேரிகளில் அவசரமே இல்லாத பாட்டு, சேர்ந்து நிற்கிற ஸ்ருதி, தேவையில்லாமல் ஒரு சங்கதி கிடையாது. கேட்கக் கேட்க எனக்கு அந்த நாற்பது வயதுக் கச்சேரியின் மேல்தான் ஏக்கம் வரும். 2017-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2021 ஜூனில், 96 வயதில் போய்ச் சேர்ந்தார்.

ஆகவே ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்னோடி இருந்தால் மட்டும் கதவு திறந்துவிடாது. பொன்னம்மாள் 1940-களிலிருந்து முன்னோடியாகத்தான் இருந்தார். மண்டபத்தின் வழக்கம் தன் பாட்டில் இருந்தது. சாவி வைத்திருந்தவர் மனசு வைத்த பிறகுதான் திறந்தது. திருவையாற்றில் தியாகராஜர் சமாதியில் பெண்கள் பாடக் கூடாது என்றபோது, அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் சும்மா இருக்கவில்லை. பெண்கள் கட்சி என்று தனியாக ஒன்று தொடங்கி, பின்பக்கமாகப் பாட வைத்து, கடைசியில் 1940-களில் எல்லோரும் ஒன்றாகப் பாடுகிற நிலை வந்தது. சிலர் கதவை இடிப்பார்கள். சிலர் கதவு திறக்கும் நாளில் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். பொன்னம்மாள் இரண்டாவது ரகம் என்று நினைக்கிறேன். 81 வயதில் கூப்பிட்டபோது பாட முடிந்ததென்றால், கூப்பிடாத அத்தனை வருஷமும் சாதகத்தை விடவில்லை என்று அர்த்தம்.

முதல் பெண் யார் என்று வினாடி வினாவில் கேட்கிறார்கள். இரண்டாவது பெண் யார், அவள் வர எத்தனை வருஷம் ஆயிற்று என்பதுதான் என் கேள்வி. சென்னை மியூசிக் அகாடமியை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கீத கலாநிதி பட்டம் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 1968-இல் கிடைத்தது. அதுவரை ஒரு பெண் இல்லை. அதற்குப் பிறகு பாருங்கள்: 1970-இல் டி.கே. பட்டம்மாள், 1973-இல் பாலசரஸ்வதி, 1976-இல் பிருந்தா, 1977-இல் எம்.எல். வசந்தகுமாரி. பத்து வருஷத்துக்குள் ஐந்து பேர். திடீரென்று நாட்டில் பெண் மேதைகள் பிறந்துவிட்டார்களா? எல்லோரும் ஏற்கெனவே இருந்தவர்கள்தான். ஒருத்தர் உள்ளே போன பிறகு மற்றவர்களை வெளியே நிற்க வைக்கக் காரணம் சொல்ல முடியவில்லை. நவராத்திரி மண்டபத்திலும் பிறகு பெண்கள் பாடினார்கள். பொன்னம்மாளின் சிஷ்யை அமிர்தா வெங்கடேஷ் அவர்களில் ஒருவர்.

ஓவியக்காரப் பையனை மறந்துவிடவில்லை. அவன் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிற பிரிண்ட் எல்லாம் ஆண்கள் வரைந்தது. ரவிவர்மா உண்டு, வான் கோ உண்டு, கே.சி.எஸ். பணிக்கர் உண்டு. வரையப்பட்டவர்கள்தான் பெண்கள். "ஏன் மக்களே, பொம்பளை ஒண்ணும் வரையலியா?" என்றேன். யோசித்துவிட்டு ஃப்ரீடா காலோ பெயரைச் சொன்னான். மெக்சிகோ வரைக்கும் போய்விட்டான், கிளிமானூர் போகவில்லை. கிளிமானூரில் ரவிவர்மாவின் தங்கை மங்களாபாய் தம்புராட்டியே வரைந்தவர்தான். திருவனந்தபுரத்தில் அண்ணனின் படங்களைப் பார்க்கப் போகிற கூட்டம் தங்கையின் பெயரைப் படிப்பதில்லை.

அப்புறம் டி.கே. பத்மினியைப் பற்றிச் சொன்னேன். 1940-இல் பொன்னானிப் பக்கம் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் பணிக்கர் காலத்தில் படித்தார். 1969-இல் பிரசவத்தில் இறந்தபோது முப்பது வயது நிறையவில்லை. அந்தக் கொஞ்ச காலத்தில் அவர் வரைந்தது கேரள ஓவியத்தில் யாரும் ஒதுக்க முடியாத இடம் பிடித்துவிட்டது. பையன் போனில் தேடிப் பார்த்தான். கறுத்த பச்சையும் மஞ்சளும், மரங்களுக்கு நடுவே நிற்கிற பெண்கள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மாமி, ரவிவர்மா பொண்ணுங்க நம்ம பாக்கிறதுக்குன்னு நிக்கிறாங்க. இதுங்க அது பாட்டுக்கு நிக்குது" என்றான். ஓவியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். ஆனால் பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தன் பெண்ணின் உடம்பை இனி எப்படி வரைவது என்று அந்த நிமிஷம் ஒரு பாடம் படித்தான் என்பது எனக்குப் புரிந்தது. நூறு ஆண் மேதைகளைப் பார்த்தும் கிடைக்காத பாடம்.

இரண்டாவது பெண் கணக்குக்கு ஓவிய உலகத்திலும் நல்ல உதாரணம் உண்டு. கொச்சி பினாலே 2012-இல் தொடங்கியது. அதன் முதல் பெண் க்யூரேட்டர் 2018-இல் அனிதா துபே. அடுத்த பதிப்புக்கு சுபிகி ராவ். இடைவெளியே இல்லை. இரண்டாவதாக வந்தவரைப் பற்றி யாரும் அவ்வளவாக "பெண் க்யூரேட்டர்" என்று தலைப்புப் போட்டு வியக்கவில்லை. படங்களைப் பற்றிப் பேசினார்கள், நிர்வாகக் குளறுபடிகளைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அதுதான் வேண்டும். சாதாரண ஆளாகத் திட்டு வாங்குகிற உரிமை இரண்டாவது பெண்ணுக்குத்தான் வரும். கதகளியையும் பாருங்கள்: திருப்பூணித்துறையில் பெண்கள் மட்டுமே ஆடுகிற குழு 1975-இலேயே வந்துவிட்டது. கலாமண்டலம் பெண் பிள்ளைகளைக் கதகளி வகுப்பில் சேர்த்தது 2021-இல். நாற்பத்தாறு வருஷம். ஆடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், வகுப்புதான் இல்லை.

நெய்யாற்றின்கரை டீச்சர் பற்றி மேலே சொன்னேன் அல்லவா. சனி, ஞாயிறு காலை அவர் வீட்டு முன்னறையில் வகுப்பு. பிள்ளைகள் பாய் விரித்து உட்காருவார்கள், அதில் பையன்களும் உண்டு. பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், பாதிப் பேருக்கு மலையாளம். சாகித்தியத்தை இரண்டு லிபியிலும் எழுதிப்போடுவார். போன வாரம் நானும் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வகுப்பு முடிந்து சுக்குக்காப்பி கொடுத்தார். பேச்சுவாக்கில் கோயில் உற்சவக் கச்சேரி பற்றி வந்தது. எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் வருஷா வருஷம் அவருக்கு ஒரு நாள் கொடுக்கிறார்கள். நேரம் மட்டும் ஐந்தரை மணி. வெயில் தாழவில்லை, மைக்செட்காரர் அப்போதுதான் ஒயர் இழுத்துக்கொண்டிருப்பார், முன்வரிசையில் நாலு பாட்டிகள். ஏழு மணி, ஜனம் நிறைகிற நேரம், வெளியூரிலிருந்து வருகிற ஆண் வித்துவானுக்கு. "பாடுறதுக்கு இடம் கிடைச்சாச்சு, நேரம்தான் இன்னும் கிடைக்கல" என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

அவருடைய சிஷ்யப் பிள்ளைகளும் அந்த ஐந்தரை மணிக் கச்சேரிக்குத்தான் வந்து உட்காருகிறார்கள். குருவிடமிருந்து அவர்கள் என்ன படிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? கல்யாணியும் படிப்பார்கள், நம் ஆட்களுக்கு ஐந்தரை மணிதான் என்பதையும் சேர்த்துப் படிப்பார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வருஷம் ஏழு மணி வேண்டும் என்று டீச்சர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான்தான் எழுதச் சொன்னேன். கமிட்டிக் கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரர் அந்தக் கமிட்டியில் இருக்கிறார். நேற்று ராத்திரி சாப்பாட்டு நேரத்திலேயே பேச்சை ஆரம்பித்துவிட்டேன். "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா" என்றார். எந்த வருஷத்திலிருந்து வழக்கம், யார் ஏற்படுத்தினது, நோட்டீஸ் பழையது இருந்தால் எடுங்கள் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பரணில் தேடிக்கொண்டிருக்கிறார்.